குரங்கின் பிடியும் வைகை மணலும்

மதுரையில் இருசக்கர வண்டிக்கு உரிமம் வாங்கப் போகிறவர் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். காலைத் தரையில் ஊன்றாமல், கோட்டை விட்டு வெளியே போகாமல், மெதுவாக வளைந்து வந்துவிட்டால் தேர்ச்சி. இறுகிய தரையில் நடக்கும் அந்தச் சோதனை, ஓட்டுகிறவர் மனத்தில் ஒரு நம்பிக்கையை ஆழமாகப் பதித்துவிடுகிறது. வண்டி என் கைக்குள் இருக்கிறது, நான் திருப்பினால் திரும்பும், பிடித்தால் நிற்கும் என்ற நம்பிக்கை அது. தார் ரோட்டில் அந்த நம்பிக்கைக்குப் பெரிய பங்கம் வருவதில்லை. ஆனால் 2016இல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனும் 2019இல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200ம் வந்த பிறகு, ரோட்டுக்கும் மண்பாதைக்கும் பொதுவான வண்டி என்ற ஒரு வகை நம் ஊர் இளைஞர்களின் கைக்கு எட்டியது. முன்பக்கம் 21 அங்குலச் சக்கரம், தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் இடையே 220 மில்லிமீட்டர் இடைவெளி, உயரமான இருக்கை. இவற்றில் ஏறுகிறவர் நான்குவழிச் சாலையோடு நிற்க மாட்டார். மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணுக்கும் சரளைக்கும் போவார். திருமங்கலம், பேரையூர் பக்கத்துக் கரிசலுக்குப் போவார். கண்மாய்க்கரை வண்டித்தடத்துக்கும் வைகைக் கரையோரப் பாதைகளின் மணலுக்கும் போவார். எட்டுப் போட்டபோது பெற்ற நம்பிக்கை அங்கே உடைகிறது. அந்த உடைவுக்குள் நம்முடைய சமயச் சிந்தனையின் மிகப் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது என்பதும், அதற்கு இந்த மதுரை மண்ணில் உயிர்நீத்த ஒருவர் சொன்ன விடையே சரி என்பதும் என் வாதம்.

முதலில் மணலில் நடப்பதைப் பார்ப்போம். முன்சக்கரம் இடமும் வலமுமாக அலையத் தொடங்குகிறது. பயந்த உடம்பு ஒரே நொடியில் மூன்று காரியம் செய்கிறது: கைகள் ஹேண்டில்பாரை இறுக்குகின்றன, வலக்கை ஆக்சிலேட்டரை மூடுகிறது, கண்கள் முன்சக்கரத்தின் அடியில் இருக்கும் மண்ணைப் பார்க்கின்றன. மூன்றும் கெடுதல். ஆக்சிலேட்டரை மூடியதும் பாரம் முன்னால் சரிந்து முன்சக்கரம் மணலில் புதைகிறது. இறுகிய கைகள் சக்கரத்தின் அலைவை உடம்புக்கும் உடம்பின் பதற்றத்தைச் சக்கரத்துக்கும் மாறிமாறிக் கடத்துகின்றன. கண் அருகிலேயே நிற்பதால் போகவேண்டிய திசை என்று ஒன்று இல்லாமல் போகிறது. சரளை மேட்டில் இதைவிட மோசமான விபத்து ஒன்று உண்டு. குலுக்கலில் உடம்பு பின்னால் சாயும்போது, இறுக்கிப் பிடித்த வலக்கை தன்னையறியாமல் ஆக்சிலேட்டரைத் திறந்துவிடும். வண்டி பாயும், பாய்ந்ததில் உடம்பு இன்னும் பின்னால் போகும், ஆக்சிலேட்டர் இன்னும் திறக்கும். விழக்கூடாது என்று பிடித்த பிடியே விழத்தள்ளுகிறது. இதில் சோம்பலோ அலட்சியமோ இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விழுகிறவர் தன்னால் முடிந்த முழு முயற்சியையும் செய்துகொண்டுதான் விழுகிறார்.

ஏன் இப்படி? ஓடும் இருசக்கர வண்டி தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்ளும் இயல்புடையது. பந்தயத்தில் ஓட்டுநர் கீழே விழுந்த பிறகும் வேகம் குறையும்வரை வண்டி தனியே நேராகப் போவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். இதற்குச் சக்கரத்தின் சுழற்சிதான் காரணம் என்றும், முன்சக்கரம் தரையைத் தொடும் இடம் அது திரும்பும் அச்சுக்குப் பின்னால் அமைந்திருப்பதுதான் காரணம் என்றும் நெடுநாள் சொல்லிவந்தார்கள். 2011இல் டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் இந்த இரண்டு விளைவுகளும் இல்லாத ஒரு சைக்கிளைச் செய்து தள்ளிவிட்டுப் பார்த்தார்கள். அதுவும் நிமிர்ந்து ஓடியது. ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த அந்த ஆய்வு, தனித்த ஒரே காரணம் என்று எதையும் கைகாட்ட முடியாது என்றது. ஆனால் நிலைத்து ஓடும் வண்டிகளில் பொதுவாகக் காணப்படும் குணம் ஒன்று உண்டு: எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் முன்சக்கரம் தானாகத் திரும்பும். அந்தத் திரும்பல்தான் விழப்போகும் வண்டியை மறுபடி நிமிர்த்துகிறது. இனி மணலுக்கு வருவோம். அங்கே முன்சக்கரம் அலைவதைப் புதியவர் விழப்போவதன் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார். அந்த அலைவில் ஒரு பங்கு வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வேலை. அதைத்தான் அவர் தன் முழு பலத்தோடு தடுக்கிறார்.

ஆகவே கையைத் தளர்த்தினால் போதும் என்று தோன்றும். ஆனால் பயந்தவரிடம் “கையைத் தளர்த்து” என்று சொல்லிப் பாருங்கள்; கை இன்னும் விறைக்கும். கட்டளைக்குக் கீழ்ப்படிய அவர் கையைக் கவனிக்கிறார், கவனித்த இடத்தில் முயற்சி குவிகிறது, முயற்சி குவிந்த இடம் இறுகுகிறது. சிக்கல் இங்கேதான் தத்துவமாகிறது. விடுதல் என்பது ஒரு செயலா? செயல் என்றால், அதைச் செய்கிறவன் தன் பிடியை இன்னும் விடவில்லை. செயல் இல்லை என்றால், அதைக் கற்றுக்கொள்வது எப்படி, ஒருவனைப் பார்த்து அதைச் செய் என்று சொல்வதுதான் எப்படி? நல்ல பயிற்சியாளர்கள் இந்தச் சுழலுக்குள் நுழைவதே இல்லை. அவர்கள் கையைப் பற்றிப் பேசாமல் எழுந்து நிற்கச் சொல்கிறார்கள். ஃபுட்ரெஸ்டில் பாதம் ஊன்றி, முழங்கால்களால் டேங்கை அணைத்துக்கொண்டு, தூரத்தில் ஒரு மரத்தையோ கரையையோ பார்க்கச் சொல்கிறார்கள். உடம்பின் பாரம் காலுக்கு இறங்கியதும் கைக்குத் தாங்கும் வேலை இல்லை. அது தானே தளர்கிறது. திருக்குறளில் துறவு அதிகாரத்தின் கடைசிக் குறளும் பற்றை விடுவதற்கு இதே சுற்றுவழியைக் காட்டுகிறது. பற்றில்லாதவனின் பற்றைப் பற்றிக்கொள், அதனால் மற்றவை விடும் என்பது அதன் கருத்து. வெறுமனே விடு என்று வள்ளுவர் அங்கே சொல்லவில்லை. விடுவதற்காகவே பிடிக்க வேண்டிய ஒன்று உண்டு என்கிறார்.

இதே கேள்வியைத் தமிழ்நாட்டு வைணவம் பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுகளில் மிகக் கூர்மையாக விவாதித்தது. உயிர் இறைவனை அடைவது தன் முயற்சியாலா, அவன் அருளாலா? அருளால்தான் என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடில்லை. அந்த அருளைப் பெற உயிர் செய்யவேண்டியது ஏதாவது உண்டா என்பதில்தான் பிரிந்தார்கள். காஞ்சிபுரத்தை அடுத்த தூப்புலில் 1268இல் பிறந்த வேதாந்த தேசிகர், ஏதோ ஒரு வியாஜம், சிறு முகாந்திரமாவது வேண்டும் என்றார். சரணாகதி என்னும் செயலே அந்த முகாந்திரம். அது இல்லாவிட்டால், ஒருவருக்கு அருளி இன்னொருவரை விட்ட இறைவன் மீது பாரபட்சக் குற்றம் வரும் என்பது அவர் வாதம். ஸ்ரீவசனபூஷணம் எழுதிய பிள்ளை லோகாசாரியர் இதை ஏற்கவில்லை. உயிர் இறைவனின் உடைமை, உடைமையைக் காப்பது உடையவன் பொறுப்பு. சரணாகதியைக்கூட என் சாதனை என்று நினைத்தால் அதுவே தடை என்பது அவர் நிலை. உயிரின் பக்கம் வேண்டுவது விலக்காமை மட்டும்: வருகிற அருளைத் தள்ளாமல் இருப்பது. பின்னால் வந்தவர்கள் இந்த இரண்டு நிலைகளுக்கும் இரண்டு உயிரினங்களை உவமை காட்டினார்கள். தாயின் வயிற்றைத் தானே கட்டிப்பிடித்துக்கொள்ளும் குரங்குக்குட்டி தேசிகர் வழிவந்த வடகலைக்கு, தாய் வாயில் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி லோகாசாரியர் வழிவந்த தென்கலைக்கு. நாமத்தின் வடிவம், கோயில் உரிமை என்று இந்தப் பிரிவு பிற்காலத்தில் நீதிமன்றப் படியேறியது வருத்தமானது. மூலத்தில் இருந்த கேள்வி அத்தனை நேர்த்தியானது.

பூனைக்குட்டி உவமையைக் கேட்டவர்கள் பெரும்பாலும் அதைச் செயலற்ற குட்டியாகவே எண்ணிக்கொள்கிறார்கள். அது சரியில்லை. ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் பிறரும் 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, தாய் தூக்கிச் செல்லும்போது குட்டியின் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை எலிக்குஞ்சுகளிடமும் மனிதக் குழந்தைகளிடமும் அளந்தது. தூக்கிய உடனே துள்ளல் நிற்கிறது, அழுகை அடங்குகிறது, இதயத்துடிப்பு குறைகிறது. எலிக்குஞ்சு பின்னங்கால்களை மடக்கித் தன்னைச் சுருக்கிக்கொள்கிறது. இந்த அடக்கம் வராதபடி செய்த குஞ்சுகளைத் தூக்கிச் செல்லத் தாய்க்குக் கூடுதல் நேரம் பிடித்தது. அதாவது கவ்வப்பட்ட குட்டி ஜடம் இல்லை. உயிருள்ள ஓர் உடம்பு தன்னைத் துள்ளாமல் வைத்துக்கொள்கிறது. தூக்குவது தாய்தான், குட்டியின் அடக்கம் அதை ஓர் அங்குலம்கூடத் தூக்காது. ஆனாலும் அந்த அடக்கம் இல்லாவிட்டால் தூக்குவது கடினமாகிறது. லோகாசாரியர் சொன்ன விலக்காமைக்கு இதைவிட நெருக்கமான சான்று எனக்குத் தெரியவில்லை. செயலுக்கும் செயலின்மைக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: நடந்துகொண்டிருக்கும் நன்மைக்குக் குறுக்கே நிற்காமல் இருப்பது. மணலில் முழங்காலால் அணைத்து, கையைத் தளரவிட்டு நிற்பவர் வண்டியை நிமிர்த்தவில்லை. நிமிரும் வண்டியைத் தடுக்காமல் இருக்கிறார்.

தேசிகர் தரப்பின் மறுப்பு வலுவானது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. தடுக்காமல் இருப்பதற்கும் பழகத்தானே வேண்டியிருக்கிறது, பழகியவர் நிற்கிறார், பழகாதவர் விழுகிறார். அப்படியானால் பழக்கமே முகாந்திரம் இல்லையா என்று அவர்கள் கேட்கலாம். பழக்கம் வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழக்கம் எதைச் செய்கிறது என்று பார்க்க வேண்டும். பழகப் பழக வண்டிக்குப் புதிதாக ஒரு சமநிலை வந்துவிடுவதில்லை. முதல் நாள் இருந்த அதே சமநிலைதான் கடைசி நாளும் இருக்கிறது. குறைந்திருப்பது ஓட்டுகிறவரின் குறுக்கீடு. பயிற்சி என்பது ஏற்கெனவே கொடுக்கப்பட்ட ஒன்றுக்கு விலை கொடுப்பதாகாது. அதை மறுக்கும் பழக்கத்தை உடம்பிலிருந்து கழற்றுவது. விலைக்கும் கழற்றுதலுக்கும் உள்ள வேறுபாடு நடத்தையிலேயே தெரியும். தன் திறமைதான் வண்டியைத் தாங்குகிறது என்று நம்புகிறவர், வண்டி சற்று அலைந்தாலே திறமையைக் கூட்டப் பார்ப்பார், மறுபடி இறுக்குவார். தாங்குவது தான் இல்லை என்று உணர்ந்தவர் அலைவைப் பொறுத்துக்கொள்வார். குரங்குக்குட்டியின் கை ஓய்ந்தால் கதை முடிந்தது. அந்த அச்சம் அதன் பிடிக்குள்ளேயே இருக்கிறது. இந்த இடத்தில் என் தீர்ப்பு லோகாசாரியர் பக்கம். பாரபட்சம் பற்றிய தேசிகரின் கவலைக்கும் இதிலேயே ஒரு விடை கிடைக்கிறது: கொடை எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கிறது, அதைத் தள்ளும் வலிமை மட்டுமே ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது.

இன்னொரு மறுப்பு தத்துவத்திலிருந்து வராமல் ரோட்டிலிருந்து வருகிறது. அதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. அருள் தாங்கும் என்று சொல்லிக்கொடுத்தால் பையன்கள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் பறக்க மாட்டார்களா? மதுரையில் புது வண்டி வாங்கியவர்கள் மேலமடை பாண்டி கோயிலுக்குப் போய்ப் பூஜை போட்டு, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி எடுத்து வருகிறார்கள். அந்த வழிபாட்டை நான் குறைத்துப் பேச மாட்டேன். என்னைவிடப் பெரிய ஒன்றின் காவலில் போகிறேன் என்று வண்டி எடுக்கும் முன் ஒருவன் நினைப்பது நல்லது. கெடுதல் எங்கே வருகிறது என்றால், காவல் கிடைத்துவிட்டது, இனி நான் எதையும் பழக வேண்டியதில்லை என்று நினைக்கும்போது. சீனத்து ஞானி சுவாங் ட்சுவின் நூலில், பத்தொன்பதாம் அத்தியாயத்தில், வண்டியிலிருந்து விழுந்த குடிகாரன் ஒருவன் வருகிறான். ஏறியதும் தெரியாது, விழுந்ததும் தெரியாது. அச்சம் உள்ளே புகாததால் அவன் சாகவில்லை, மதுவால் வந்த முழுமைக்கே இப்படி என்றால் விண்ணால் வரும் முழுமை எப்படி இருக்கும் என்று அந்த நூல் கேட்கிறது. அழகான கேள்விதான். ஆனாலும் மாட்டுவண்டிக் காலத்து உதாரணத்தை இன்றைய ரோட்டுக்குக் கொண்டுவர முடியாது. குடித்தவனிடமும் கை தளர்ந்துதான் இருக்கிறது. ஆனால் அவன் முழங்காலும் தளர்ந்துவிட்டது, பார்வையும் தளர்ந்துவிட்டது. பழகியவனிடம் தளர்ந்திருப்பது கை மட்டும். கால் பிடித்திருக்கிறது, கண் தொலைவில் ஊன்றியிருக்கிறது, வலக்கையின் ஒரு விரல் பிரேக்கின் மேல் இருக்கிறது. எல்லாவற்றையும் விட்டவனையும் விடவேண்டியதை மட்டும் விட்டவனையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது.

இதை நூல்வாதமாக மட்டும் சொல்லிவிட்டுப் போக வேண்டியதில்லை; லோகாசாரியரின் முடிவே இதற்குச் சாட்சி. 1323இல் தில்லிப் படை திருவரங்கத்தை நெருங்கியபோது, அக்கோயிலின் உற்சவரான நம்பெருமாளின் திருமேனியை எடுத்துக்கொண்டு தெற்கே புறப்பட்டவர்களுக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். அப்போது நூறு வயதைக் கடந்திருந்தார் என்கிறது வைணவ மரபு. காப்பது உடையவன் பொறுப்பு, நம் முயற்சி வழியாகாது என்று எழுதிய மனிதர், அந்த உடையவனையே தூக்கிக்கொண்டு நடந்தார். முரண்பாடு என்று இதைக் காட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது முரணாகத் தெரியவில்லை. பலன் தன் கையில் இல்லை என்று உறுதியாக அறிந்தவரால்தான் அந்த வயதில் அந்தப் பயணத்தைத் தொடங்க முடியும். எல்லாம் தன் பிடியில்தான் தொங்குகிறது என்று நினைத்தவர் வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். வழியில், ஜோதிஷ்குடி என்று குருபரம்பரை நூல்கள் குறிப்பிடும் இடத்தில் அவர் உயிர் பிரிந்தது. அந்த ஊரை இன்று ஒத்தக்கடையை அடுத்து யானைமலையின் பக்கத்தில் இருக்கும் கொடிக்குளம் என்று அடையாளம் காண்கிறார்கள். நம்பெருமாள் ஊர் ஊராகச் சுற்றி 1371இல் திருவரங்கம் திரும்பினார். லோகாசாரியர் அதைப் பார்க்கவில்லை. பார்ப்போம் என்ற உறுதி இருந்ததால் அவர் புறப்படவும் இல்லை.

கடைசியாக ஒரு மறுப்பு. இயந்திரம் இறைவன் ஆகாது. இரும்புக்குக் கருணை கிடையாது, வண்டி நிமிர்வது இயற்பியல், அருள் என்பது ஒருவரின் மனம். இரண்டையும் ஒப்பிடுவது தவறு, ஒரு பொழுதுபோக்கை வைத்து வேதாந்தம் பேசுவது அதைவிடத் தவறு. முதல் பாதி முழுக்கச் சரி. இறைவன் எப்படிப்பட்டவன் என்று மணலில் ஓடும் வண்டியைப் பார்த்து யாரும் அறிய முடியாது, நான் அப்படிச் சொல்லவும் இல்லை. நான் சொல்வது நம் பக்கத்தைப் பற்றி மட்டும். மனிதனால் விடுவதை ஒரு செயலாகவும் ஆக்காமல், சோம்பலாகவும் ஆக்காமல், விலக்காமையாகப் பழக முடியுமா என்ற கேள்விக்கு, முடியும் என்று உடம்பே காட்டுகிறது. இரண்டாவது பாதியை நான் ஏற்கவில்லை. அருளைப் பற்றிப் பேச நம் ஆசாரிய மரபே குரங்கையும் பூனையையும் கூப்பிட்டிருக்கிறது. அச்சம் குடியிருப்பது உடம்பில்; தோளிலும் விரலிலும் வயிற்றிலும். நூலை வாசித்து அச்சத்தை வென்றதாக நினைத்துக்கொள்வது எளிது. சறுக்கும் மண்ணில் அந்த நினைப்பு நிற்காது. சமயம் பேசும் சரணாகதி உண்மை என்றால் அது உடம்புவரை இறங்க வேண்டும். அப்படி இறங்குகிறதா என்று பார்க்க மணல் ஓர் இடம், நோய்ப்படுக்கை இன்னோர் இடம். மணல் குறைந்த செலவில் காட்டுகிறது.

இடத்தைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். ரோடு இல்லாத இடமெல்லாம் நமக்கு என்று இந்த வண்டிகளை வாங்கியவர்கள் நினைத்துவிடக் கூடாது. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியின் குன்றுகளும், சமணர் படுக்கைகள் இருக்கும் கீழக்குயில்குடியும் டயர் ஏறும் இடங்கள் இல்லை. விதைத்த நிலமும் ஆற்றுப்படுகையும் அப்படித்தான். ஊரார் வண்டியும் மாடும் போகும் தடங்களே பழகுவதற்குப் போதும். முதல் பாடத்துக்கு அறுபது வேகமும் வேண்டாம். இரண்டாவது கியரில் ஆள் ஓடும் வேகம் போதுமானது. ஹெல்மெட்டும் பூட்சும் முழங்கால் கவசமும் போட்டுக்கொண்டு, தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் கையைத் தளர்த்து என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றால், முழங்காலால் எப்படிப் பிடிப்பது, கண்ணை எங்கே வைப்பது என்று கேட்டு வாங்குங்கள்.